கேமரா முன்னால் டாக்டர்... கல்லாவில் அரசாங்கம்!

ஆபீஸில் புதுசாக ஒரு வேலையைத் தலையில் கட்டினால் நாம் கேட்கிற முதல் கேள்வி என்ன? "இதுக்கு எக்ஸ்ட்ரா ஏதாவது உண்டா சார்?"

டாக்டர்களும் மனுஷங்கதானே! ஆஸ்திரேலிய அரசாங்கம் இதைப் புரிந்துகொண்டது. "நோயாளியை வீடியோவில் பாருங்கள்" என்று உபதேசம் செய்வதோடு நிற்காமல், கல்லாவையும் திறந்தது.

காரணம், தூரம். ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் ஊரிலிருந்து அடிலெய்டு நகரத்துக்கு ரோடு வழியாகச் சுமார் 1,500 கிலோமீட்டர். சென்னையிலிருந்து கன்னியாகுமரி போய்த் திரும்புகிற தூரம்! ஸ்பெஷலிஸ்ட்கள் பெரும்பாலும் பெரிய நகரங்களில். அத்தனை தூரம் போனால், அவர் ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு, "அதே மாத்திரையைத் தொடருங்க" என்பார். கூட வந்த பிள்ளைக்கு லீவும் போச்சு, பணமும் போச்சு. இதற்குப் பயந்தே "அடுத்த மாசம் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போடுகிறவர்கள் உண்டு. வியாதி தள்ளிப்போகுமா?

அங்கே 'மெடிகேர்' என்று அரசாங்க மருத்துவக் காப்பீடு இருக்கிறது. ஸ்பெஷலிஸ்டை வெளிநோயாளியாகப் பார்த்தால், அரசாங்க அட்டவணைக் கட்டணத்தில் 85 சதவீதம் ரிபேட். 2011 ஜூலை 1 முதல், தொலைவில் உள்ள நோயாளியை ஸ்பெஷலிஸ்ட் வீடியோவில் பார்த்தாலும் ரிபேட் என்றார்கள். அதுவும் அட்டவணைக் கட்டணத்தை ஒன்றரை மடங்காக்கி!

பி.காம். படித்த புத்தி, கணக்குப் போடாமல் விடுமா? நேரில் 100 டாலர் என்றால் வீடியோவில் 150. ரிபேட் 85 டாலருக்குப் பதில் 127.50. நோயாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உதவுகிற உள்ளூர் டாக்டருக்கும் தனி ரிபேட்.

இது போக, முதல் வருஷம் வீடியோ வைத்தியத்தில் இறங்குகிற டாக்டருக்கு 6,000 டாலர் ஊக்கத்தொகை. கல்யாண மொய் மாதிரி!

ஒரே ஒரு தடவை வீடியோவில் தலையைக் காட்டி, மொய்யை வாங்கிக்கொண்டு, கேமராவைப் பரணில் போட்டுவிட்டால்? அரசாங்கமும் யோசித்தது. பிற்பாடு தொகையைக் குறைத்து இரண்டு தவணையாக்கியது. முதல் வீடியோவுக்குக் கொஞ்சம், பத்தாவது முடிந்த பிறகு மீதி. பக்கத்துத் தெரு டாக்டரே வீடியோவில் வந்து பில் போடாமலிருக்க, 2012 நவம்பர் முதல் இருவருக்கும் நடுவே குறைந்தது 15 கிலோமீட்டர் என்று பொதுவிதி. 2014 ஜூன் 30-ஆம் தேதியோடு ஊக்கத்தொகை நின்றது. ரிபேட் மட்டும் தொடர்ந்தது.

2020 மார்ச்சில் கொரோனா வந்தது. தூரக் கணக்கெல்லாம் பறந்தது. போனில் பேசினாலும் ரிபேட், வீடியோவில் பேசினாலும் அதே ரிபேட். ஜனங்கள் எதைப் பிடித்துக்கொண்டார்கள்? போனை! பாட்டிக்கு போன் பேசத் தெரியும்; கேமராவை எந்தப் பக்கம் திருப்புவது என்று பேரன் வந்து சொல்லித்தர வேண்டுமே!

2022 ஜனவரி 1 முதல் இந்தத் தொலைமருத்துவ ரிபேட்கள் நிரந்தரமாயின. அன்றைக்கே, ஸ்பெஷலிஸ்டின் வீடியோவுக்கான அந்த ஒன்றரை மடங்கு போய்விட்டது.

இங்கேதான் எனக்கு உதைக்கிறது. கேமராவுக்குக் கொடுத்த காசை நிறுத்தியது நியாயம். அது ஒரு தடவைச் செலவு. ஆனால், உள்ளூர் கிளினிக்கோடு நேரம் ஒத்துப்போக வைப்பது, ரிப்போர்ட்டை முன்கூட்டி வரவழைப்பது, லைன் கட்டானால் காத்திருப்பது... இதெல்லாம் ஒவ்வொரு தடவையும் இருக்கிற வேலை. அந்தக் கூடுதல் கூலியை வெட்டினால் டாக்டர் சுலபமாக போனை எடுப்பார். 1,500 கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பவரின் வீங்கிய காலை போனில் எப்படிப் பார்ப்பது?

இந்தப் பக்கத்தை உங்கள் மேனேஜர் கேட்டால் தாராளமாகக் கொடுங்கள். "பத்தாவது முடிந்த பிறகு மீதி" என்கிற வரியை மட்டும் மடித்துவிடுங்கள். அப்புறம் நம் இன்சென்டிவும் தவணைக்குப் போய்விடும்!