கட்டணமின்றி ஓர் இணையதளம்

இணையதளம் ஒன்றைத் திறக்கும்போது வாசகரின் திரைக்கு வந்து சேரும் பக்கம் இரண்டு வழிகளில் உருவாகலாம். வேர்டுபிரஸ் போன்ற மென்பொருளால் இயங்கும் தளங்களில், வாசகர் கேட்கும்போது சர்வர் எனப்படும் வழங்கிக் கணினி தரவுத்தளத்திலிருந்து தலைப்பையும் உரையையும் பட விவரங்களையும் எடுத்து, அவற்றைத் தொகுத்துப் பக்கமாக்கி அனுப்புகிறது. ஸ்டாட்டிக் எனப்படும் நிலைத்தளங்களிலோ, பக்கங்கள் முன்கூட்டியே முழுமையாக எழுதப்பட்டுக் கோப்புகளாக வைக்கப்பட்டிருக்கின்றன. கேட்கப்பட்ட கோப்பை எடுத்துக் கொடுப்பது ஒன்றே வழங்கியின் வேலை. 1991இல் ஜெனீவாவுக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்திலிருந்து டிம் பெர்னர்ஸ்-லீ உலகுக்கு வெளியிட்ட முதல் இணையதளம் இத்தகையதே. 1998இல் தொடங்கப்பட்டுத் தமிழ் நூல்களை இலவசமாக வழங்கிவரும் மதுரைத் திட்டமும், அந்நூல்களை எளிய பக்கங்களாகவும் பி.டி.எஃப். கோப்புகளாகவுமே வாசகர்களுக்குத் தருகிறது. எனவே நிலைத்தளம் என்பது வசதி குறைந்தோருக்கான மாற்று ஏற்பாடு அன்று. வாசிப்பதற்கென்றே அமைந்த தளங்களுக்கு மிகப் பொருத்தமான வடிவம் அதுவே.

இவ்வடிவத்தின் எளிமையே அதை இலவசமாக வழங்குவதையும் சாத்தியமாக்குகிறது. தரவுத்தளமோ, ஒவ்வொரு வருகைக்கும் ஓடவேண்டிய நிரலோ இல்லாததால், ஒரே வழங்கி ஏராளமான தளங்களைச் சுமக்க முடிகிறது. கோப்புகளின் நகல்களை உலகின் பல நகரங்களில் வைத்து, வாசகருக்கு அருகிலுள்ள இடத்திலிருந்தே அனுப்பவும் முடிகிறது. கிட்ஹப் நிறுவனம் 2008 டிசம்பரில் தொடங்கிய கிட்ஹப் பேஜஸ் சேவை இந்த அடிப்படையில்தான் இயங்குகிறது. கிட்லேப், கோட்பெர்க், கிளவுட்ஃபிளேர், நெட்லிஃபை ஆகியவையும் இத்தகைய சேவையை வழங்குகின்றன என்றாலும், புதிதாகத் தொடங்குவோர் முதலில் சந்திப்பது பெரும்பாலும் கிட்ஹப்பையே என்பதால், இக்கட்டுரை அதையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறது.

கிட்ஹப்பின் அடித்தளமாகிய கிட் என்னும் மென்பொருளை, லினக்ஸ் கருவகத்தை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் எழுதினார். அதுவரை லினக்ஸ் நிரலாளர்கள் பயன்படுத்திவந்த பிட்கீப்பர் என்னும் வணிக மென்பொருளின் இலவச உரிமம் திரும்பப் பெறப்பட்டதே அதற்குக் காரணம். கிட், கோப்புகளை வெறுமனே சேமிப்பதில்லை. யார், எப்போது, எந்த வரியை மாற்றினார் என்னும் வரலாற்றையும் சேர்த்தே காக்கிறது. இவ்வாறு கோப்புகளும் அவற்றின் வரலாறும் ஒருங்கே இருக்கும் கோப்புறையே களஞ்சியம். நிரலாளர் வழக்கில் ரெப்போ. ஒரு கட்டத்தில் செய்த மாற்றங்களைக் குறிப்புரையுடன் பதிவுசெய்வதைக் கமிட் என்றும், அப்பதிவுகளைத் தம் கணினியிலிருந்து கிட்ஹப்புக்கு அனுப்புவதைப் புஷ் என்றும் கூறுவர். கிட் வடிவமைப்பில் தலைமை நகல் என்று ஒன்று தனியே இல்லை. களஞ்சியத்தை முழுமையாக நகலெடுத்துள்ள ஒவ்வொரு கணினியிலும், முதல் நாள் தொடங்கி இன்றுவரையுள்ள வரலாறு அப்படியே இருக்கிறது. இந்தச் சிறு தொழில்நுட்ப உண்மையின் மதிப்பு பின்னால் புலப்படும்.

தளத்தை அமைக்கும் முறை கடினமானதன்று. கிட்ஹப்பில் கணக்குத் தொடங்கி, கணக்கின் பெயரோடு கிட்ஹப் டாட் ஐஓ என்னும் பின்னொட்டைச் சேர்த்து, அதே பெயரில் பொதுவான ஒரு களஞ்சியத்தை உருவாக்க வேண்டும். அதில் இண்டெக்ஸ் என்னும் பெயர் கொண்ட எச்.டி.எம்.எல். கோப்பை இட்டு, செட்டிங்ஸ் பகுதியில் பேஜஸ் என்பதைத் திறந்து, மெயின் எனப்படும் முதன்மைக் கிளையைத் தேர்ந்தெடுத்தால், சில நிமிடங்களில் தளம் உலகுக்குத் தெரியத் தொடங்கும். கட்டளை வரிகளை அறியாதவர்கள் உலாவியிலிருந்தே கோப்புகளைப் பதிவேற்றலாம். பக்கங்களின் எண்ணிக்கை பெருகியபின் ஒவ்வொன்றையும் எச்.டி.எம்.எல். குறிகளோடு எழுதுவது சலிப்பூட்டும் என்பதால், கிட்ஹப்பின் நிறுவனர்களுள் ஒருவரான டாம் பிரஸ்டன்-வெர்னர் 2008இல் வெளியிட்ட ஜெக்கில் என்னும் கருவி இங்குக் கைகொடுக்கிறது. மார்க்டவுன் எனப்படும் எளிய குறியீட்டில் எழுதிய உரையை அது வடிவமைத்த பக்கங்களாக மாற்றித் தரும். கிட்ஹப் பேஜஸ் அதைத் தானாகவே இயக்கிக்கொள்கிறது.

புதியவர்களை அதிகம் தடுமாறச் செய்வது கோப்புப் பெயர்கள்தாம். விண்டோஸ் கணினி பெரிய எழுத்துக்கும் சிறிய எழுத்துக்கும் வேறுபாடு பாராட்டுவதில்லை. கிட்ஹப் பேஜஸ் பாராட்டும். ஆகவே சொந்தக் கணினியில் சரியாகத் தெரிந்த படம் இணையத்தில் காணாமற்போனால், முதலில் சோதிக்க வேண்டியது பெயரில் உள்ள ஆங்கில எழுத்துகளின் அளவையே. தமிழில் எழுதுவோர் கோப்புகளை யு.டி.எஃப்.-8 குறிமுறையில் சேமித்து, பக்கத்தின் தலைப்பகுதியிலும் அதை அறிவிக்க வேண்டும். இல்லாவிட்டால் உலாவி உரையைப் பொருளற்ற குறிகளாகக் காட்டக்கூடும். கோப்புக்குத் தமிழில் பெயரிடவும் தடையில்லை. எனினும் முகவரியை நகலெடுத்து ஒட்டும்போது ‘அ’ என்னும் ஒரே எழுத்துகூட ஒன்பது குறிகளாக விரிந்துவிடுவது வழக்கமாதலால், முகவரிக்கு மட்டும் சுருக்கமான ஆங்கில எழுத்துப் பெயரைப் பயன்படுத்துவது நல்லது.

வெளியிடப்படும் தளத்தின் அளவு 1 ஜி.பி.க்குள் இருக்க வேண்டும் என்றும், மாதத்திற்கு 100 ஜி.பி. அளவுக்குத் தரவு செல்லலாம் என்றும் கிட்ஹப் வரம்பு வகுத்துள்ளது. யு.டி.எஃப்.-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட் இடத்தைப் பிடிப்பதால், ஆயிரம் சொற்கள் கொண்ட தமிழ்க் கட்டுரை ஏறக்குறைய 30 கிலோபைட் ஆகும். அக்கணக்கில் முப்பதாயிரம் கட்டுரைகள் இந்த வரம்புக்குள் அடங்கும். ஆனால் கைப்பேசியில் எடுத்த ஒரே ஒளிப்படம் நூறு கட்டுரைகளின் இடத்தைப் பிடித்துவிடும் என்பதால், படங்களைச் சுருக்கியே ஏற்ற வேண்டும். இணைய வணிகத்துக்கும், கடவுச்சொல் அல்லது கடன் அட்டை எண்ணைப் பெறும் பணிகளுக்கும் இச்சேவை உரியதன்று.

இதைவிடக் கவனமாகக் கொள்ள வேண்டிய எச்சரிக்கை ஒன்று உண்டு. இலவசக் கணக்கில் பேஜஸ் சேவையைப் பெறக் களஞ்சியம் பொதுவாக இருக்க வேண்டும். அதாவது தளத்தின் பக்கங்களை மட்டுமன்றி, களஞ்சியத்தில் உள்ள அனைத்தையும் எவரும் பார்க்கலாம். உறுப்பினர்களின் தொலைபேசி எண்கள் அடங்கிய பட்டியலைத் தவறுதலாக ஏற்றி, மறுநாளே நீக்கினாலும், கிட் அதன் பழைய பதிவைத் தன் வரலாற்றில் வைத்திருக்கும். வரலாற்றையே மாற்றி எழுதி அப்பதிவை அகற்ற வழியுண்டு என்றாலும், அதற்குள் பிறர் எடுத்துவிட்ட நகலைத் திரும்பப் பெற எவராலும் இயலாது.

இலவசம் என்பதன் ஆயுள் எவ்வளவு என்னும் கேள்வியை இனியும் தள்ளிப்போட முடியாது. 1994இல் தொடங்கப்பட்ட ஜியோசிட்டீஸ், சாதாரண மக்கள் தமக்கென வலைப்பக்கங்களை இலவசமாக அமைத்துக்கொள்ள வழிசெய்தது. 1999இல் அதை யாகூ வாங்கியது. 2009 அக்டோபரில், ஜப்பானியச் சேவை நீங்கலாக, மூடிவிட்டது. கோடிக்கணக்கான பக்கங்களில் தன்னார்வலர்களின் முயற்சியால் காப்பாற்றப்பட்டவை போக, எஞ்சியவை அழிந்தன. தம் எழுத்தின் நகலைத் தனியே வைத்துக்கொள்ளாதவர்களுக்கு அது மீளாத இழப்பு. கிட்ஹப்பும் 2018இல் 750 கோடி டாலர் மதிப்பில் மைக்ரோசாஃப்டின் கைக்கு மாறிய நிறுவனமே. அதன் இலவசச் சேவை என்றென்றும் தொடரும் என்று எவரும் உறுதி கூறவில்லை. எனினும் இவ்விரண்டுக்கும் இடையே அடிப்படையான வேறுபாடு ஒன்று உள்ளது. கிட் களஞ்சியத்தைத் தம் கணினியிலும் வைத்திருப்பவரிடம், தளம் முழுவதும் அதன் வரலாற்றோடு எப்போதும் இருக்கிறது. நிலைத்தளம் கோப்புகளால் மட்டுமே ஆனது என்பதால், அதை வேறு எந்த வழங்கிக்கும் பெரும் மாற்றமின்றிக் கொண்டுசெல்லலாம். பணம் மிச்சமாவதைவிட இந்த விடுதலையே இம்முறையின் உண்மையான பேறு. உலாவி வழியே மட்டும் பதிவேற்றிவிட்டு, சொந்தக் கணினியில் எதையும் வைத்துக்கொள்ளாதவர் இந்தப் பேற்றைக் கைநழுவ விடுகிறார்.

கோப்புகள் கையில் இருந்தாலும், முகவரி மாறினால் வாசகர்களும் பழைய இணைப்புகளும் வழிதவறிப் போகும். அதனால் கிட்ஹப் தரும் முகவரியோடு நில்லாமல், டொமைன் எனப்படும் சொந்தப் பெயரைப் பதிவுசெய்துகொள்வது இன்றியமையாதது. ஆண்டுக்கு ஓராயிரம் ரூபாய் அளவில் ஆகும் அச்செலவு ஒன்றே இந்த ஏற்பாட்டில் செலவு எனத் தக்கது. பதிவுசெய்த பெயரைக் கிட்ஹப் பேஜஸுடன் இணைத்தால், பாதுகாப்பான இணைப்புக்கு வேண்டிய சான்றிதழும் கட்டணமின்றியே கிடைக்கிறது. பின்னாளில் வேறு சேவைக்கு மாறும்போது, அப்பெயர் சுட்டும் இடத்தை மட்டும் மாற்றினால் போதும். வாசகர் எந்த வேறுபாட்டையும் உணரமாட்டார்.

சிற்றிதழ் நடத்துவோரும், ஊர் வரலாற்றைத் தொகுப்போரும், பள்ளி மலர்களையும் நூலகப் பட்டியல்களையும் இணையத்தில் ஏற்ற விரும்புவோரும், முதல் பக்கத்தை வெளியிடும் நாளிலேயே களஞ்சியத்தின் முழு நகலைத் தம் கணினியில் எடுத்துவைக்க வேண்டும். டொமைனைத் தம் பெயரிலோ அமைப்பின் பெயரிலோ பதிவுசெய்து, அதைப் புதுப்பிக்கும் பொறுப்பை ஒருவருக்கு இருவரிடம் ஒப்படைக்க வேண்டும்.