பசியறிந்த முதலமைச்சர்

நுழையும்முன்
சீத்தா கேம்பிலும் தாராவியிலும் வாழும் தமிழர் பலரின் முன்னோர் தமிழகத்தின் தென்மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள். அவர்களுள் முதியோரிடம், "நீங்கள் எவ்வாறு படித்தீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். காமராசரின் பெயரைச் சொல்பவர் பலர் இருப்பர். அவர் யார்?

இளமை
காமராசர் 1903 ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 15 ஆம் நாள் விருதுநகரில் பிறந்தார். பெற்றோர் குமாரசாமி, சிவகாமி அம்மையார். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். குடும்ப வறுமையால் ஆறாம் வகுப்புடன் அவரது படிப்பு நின்றது. மாமாவின் துணிக்கடையில் வேலை செய்தார். பின்னர் விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டு, ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் சிறையில் கழித்தார். சிறையிலும் நூல்களைக் கற்றார்.

கல்விப்பணி
1954 ஆம் ஆண்டு அவர் சென்னை மாநிலத்தின் முதலமைச்சரானார். பள்ளி இல்லாத சிற்றூர்களில் பள்ளிகள் தொடங்கப்பட்டன. ஆயினும் பள்ளியைக் கட்டினால் மட்டும் போதுமா? ஏழை வீட்டுப் பிள்ளை ஆடு மேய்த்தால் அன்றைய கஞ்சி கிடைக்கும். பள்ளிக்குச் சென்றால் அதுவும் கிடைக்காது. பசியே கல்விக்குத் தடை என்பதைக் காமராசர் உணர்ந்திருந்தார். எனவே 1956 ஆம் ஆண்டு முதல் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டம் பரவியது. முன்னரே சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் இருந்த முயற்சி, அவர் காலத்தில் சிற்றூர்களையும் எட்டியது. ஊர்மக்களும் அரிசியும் பொருளும் தந்து உதவினர். கட்டணமில்லாக் கல்வியும் சீருடையும் அடுத்தடுத்து வந்தன.

இன்று மும்பை மாநகராட்சிப் பள்ளிகளிலும் மதிய உணவு வழங்கப்படுகிறது. நாடெங்கும் நடைபெறும் இத்திட்டத்திற்குத் தமிழகம் முன்னோடியாயிற்று.

பதவியும் எளிமையும்
1963 ஆம் ஆண்டு, மூத்த தலைவர்கள் பதவி விலகிக் கட்சிப்பணி ஆற்றவேண்டும் என்னும் திட்டத்தை முன்வைத்தார். பிறர்க்குச் சொன்னதைத் தாமே செய்து, முதலமைச்சர் பதவியைத் துறந்தார். பின்னர் காங்கிரசுக் கட்சியின் தலைவராகி, இலால்பகதூர் சாத்திரியும் இந்திரா காந்தியும் தலைமை அமைச்சராவதற்குத் துணைநின்றார். தாம் அப்பதவியை நாடவில்லை. 1967 ஆம் ஆண்டுத் தேர்தலில் சொந்த ஊரிலேயே தோற்றார். எனினும் பொதுப்பணியை நிறுத்தவில்லை. சென்னையில் வாடகை வீட்டிலேயே வாழ்ந்து, 1975 ஆம் ஆண்டு அக்டோபர் 2 ஆம் நாள் மறைந்தார். மறு ஆண்டு அவருக்குப் 'பாரத ரத்னா' விருது அளிக்கப்பட்டது. அவரது பிறந்தநாள் தமிழகத்தில் கல்வி வளர்ச்சி நாளாகக் கொண்டாடப்படுகிறது.

மாணவர்களே! தமக்குக் கிடைக்காத கல்வி பிறர் பிள்ளைகளுக்குக் கிடைக்கவேண்டும் என்று உழைத்தவர் காமராசர். உங்களைப் படிக்க வைப்பதற்காக ஊர்விட்டு வந்த பெற்றோரின் எண்ணமும் அதுவேயன்றோ?

சொற்பொருள்
ஏறத்தாழ – கிட்டத்தட்ட
துறந்தார் – விட்டுவிட்டார்
முன்னோடி – முதலில் வழிகாட்டியவர்

பயிற்சி
1. காமராசரின் பள்ளிப்படிப்பு ஏன் நின்றது?
2. பள்ளியைக் கட்டியபின்பும் உணவு ஏன் தேவைப்பட்டது?
3. உங்கள் தாத்தா அல்லது பாட்டி எந்த வகுப்புவரை படித்தார்? அதற்குமேல் படிக்க முடியவில்லை எனில், காரணம் என்ன? கேட்டறிந்து ஐந்து தொடர்களில் எழுதுக.