தத்துப் பிள்ளைகள் எச்சிலை அனுப்புவது ஏன்?

1970களிலும் 80களிலும் இலங்கையிலிருந்து ஐரோப்பாவுக்குத் தத்துப் போன குழந்தைகள் சுமார் 11,000 பேர். அவர்களில் பலர் இன்று வணிக மரபணுப் பரிசோதனையை நாடுகிறார்கள். வேர் தேடும் ஏக்கம் மட்டுமல்ல, கையிலிருக்கும் காகிதத்தை நம்ப முடியாததும் காரணம். பெற்றவளாக நடிக்கக் கூலிக்குப் பெண்களை அமர்த்தியதை நெதர்லாந்தின் ‘செம்ப்ளா’ தொலைக்காட்சி நிகழ்ச்சி 2017இல் அம்பலப்படுத்தியது. கோப்பில் இருப்பது அந்தப் பெண்ணின் பெயர். ஊர் தேடிப் போய்க் கட்டிக்கொண்டு அழுத அம்மா, டிஎன்ஏ முடிவு வந்ததும் அம்மா இல்லை என்றான கதைகள் உண்டு. அமெரிக்காவில் பொய்க்குப் பதில் பூட்டு. பல மாநிலங்கள் தத்துப் பிள்ளையின் அசல் பிறப்புச் சான்றிதழை அவருக்கே காட்டாமல் வைத்திருந்தன. நியூயார்க் திறந்துவிட்டது 2020 ஜனவரியில்தான்.

இந்தப் பரிசோதனையின் வரலாறு சுருக்கமானது. 23அண்ட்மீ நிறுவனம் 2007இல் எச்சிலைத் துப்பி அனுப்பும் குழாயை விற்கத் தொடங்கியது. 2012இல் ஆன்செஸ்ட்ரி நிறுவனம் பின்தொடர்ந்தது. விளம்பரங்களில் மின்னுவது ‘நீங்கள் இத்தனை விழுக்காடு தெற்காசியர்’ என்னும் வண்ண வட்டம். கொழும்பில் பிறந்தவருக்கு அது சொல்லும் சேதி கண்ணாடியும் சொல்லும். பயன்படுவது வட்டமல்ல, உறவினர் பட்டியல்.

அந்தப் பட்டியல் உருவாகும் விதம்தான் அழகு. குரோமோசோமைச் சேலை என்று வைத்துக்கொள்வோம். தாயிடம் இரண்டு சேலைகள், ஒன்று அவள் அம்மா தந்தது, மற்றது அப்பா தந்தது. பிள்ளைக்கு இரண்டையும் தருவதில்லை. இரண்டையும் வெட்டி, மாற்றி மாற்றித் தைத்து, ஒரே முழுச் சேலையாகத் தருகிறாள். முந்தானை இருந்த இடத்தில் முந்தானைதான் வரும். ஆனால் யாருடைய முந்தானை என்பது கத்தரி போன போக்கு. கருமுட்டை ஒன்றில் எல்லாக் குரோமோசோம்களிலும் சேர்த்து ஏறக்குறைய 40 வெட்டு. விந்தணுவில் 26 போல. தலைமுறைக்குத் தலைமுறை துண்டு சிறுக்கும். கொள்ளுப்பேத்திக்குக் கொசுவத்துக்குள் மறைகிற ஒரு முழமே மிஞ்சலாம். இன்னொருத்திக்குக் கரை மட்டும்.

இரண்டு அந்நியர்களிடம் ஒரே நெசவுத் துண்டுகள் இருந்தால் அவர்களுக்கு மூதாதை ஒருவர் பொது. துண்டு நீளமென்றால் உறவு கிட்டம். ஆய்வகம் 300 கோடி எழுத்துகளையும் படிப்பதில்லை. ஆறேழு லட்சம் இடங்களைத் தொட்டுப் பார்த்துத் பொதுத் துண்டுகளின் மொத்த நீளத்தைச் சென்டிமார்கன் என்னும் அலகில் அளக்கிறது. பெற்றவரோடு 3,400க்கு மேல். சித்தி, மாமா பிள்ளைகளோடு சராசரி 870. உடன்பிறந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கிடையே 230 போல. 1,750 என்று வந்தால்தான் தலைவலி: தாத்தா, மாமா, ஒரு பெற்றோர் மட்டும் பொதுவான உடன்பிறப்பு எல்லோருக்கும் அதே அளவு. வயதும் ஊரும் வைத்துத்தான் பிரிக்க வேண்டும். அத்தை மகனையும் மாமன் மகளையும் கட்டிக்கொண்ட குடும்பங்களில் ஒரே துண்டு பல வழியில் வந்து சேர்வதால், தூரத்து உறவைக் கணினி நெருங்கிய உறவாகக் காட்டிவிடும்.

பட்டியலில் வருவது துப்பியவர்கள் மட்டுமே. ஐரோப்பிய வம்சாவளி அமெரிக்கருக்கு அது பெரிய வலை. இலங்கைத் தத்துப் பிள்ளைக்கு அதில் அகப்படுவது பெரும்பாலும் தன்னைப் போலவே தத்துப் போன இன்னொருவர். அதனால்தான் சில அமைப்புகள் குழாய்களை இலங்கைக்கே கொண்டுபோய்த் தாய்மாரிடம் மாதிரி எடுக்கின்றன.

‘குடும்பத்தில் யாருக்காவது புற்றுநோய் உண்டா?’ என்ற மருத்துவரின் கேள்விக்குப் பதில் தெரியாததும் பலரை இந்தப் பரிசோதனைக்குத் தள்ளுகிறது. இதில் ஏமாற்றம் அதிகம். 2018இல் 23அண்ட்மீக்கு அனுமதி கிடைத்த மார்பகப் புற்றுநோய்ச் சோதனை, ஆயிரத்துக்கு மேற்பட்ட பிஆர்சிஏ மரபணு மாற்றங்களில் மூன்றை மட்டும் பார்த்தது. மூன்றும் அஷ்கெனாசி யூதர்களிடம் மிகுதியாகக் காணப்படுபவை. ‘கண்டறியப்படவில்லை’ என்ற அறிக்கையை வைத்துத் தெற்காசியப் பெண் நிம்மதி கொள்ள வழியில்லை.

அதே நிறுவனம் 2025 மார்ச்சில் திவால் மனு போட்டது. தரவை அழித்துவிடும்படி கலிஃபோர்னியாவின் அரசு தலைமை வழக்கறிஞர் வாடிக்கையாளர்களுக்கு நினைவூட்டினார். மற்றவர்களுக்கு அது நல்ல யோசனை. தத்துப் பிள்ளைக்கோ அழித்தால் உறவினர் பட்டியலும் போய்விடும். பட்டியலைப் படியெடுத்து, மூலத் தரவை இறக்கி வைத்துக்கொண்ட பிறகு அழிப்பதே புத்திசாலித்தனம்.