சுடுநீர் ஹீட்டர்: விற்பவரும் வாங்குபவரும் அறிய வேண்டியவை

மலையகத்து நகரொன்றில் இருபது வருடங்களுக்கு மேலாக ஹார்ட்வெயார் கடை நடத்தி வருகிறேன். ஒரு காலத்தில் சுடுநீர் ஹீட்டர் என்பது வசதி படைத்தோர் வீட்டுப் பொருள். இன்று நுவரெலியா, பண்டாரவளை, ஹப்புத்தளை பக்கங்களில் நாலு அறை வைத்து வாடகைக்கு விடுபவர்கூட ஹீட்டர் இல்லாமல் தொழில் செய்ய முடியாது. வியாபாரம் பெருகியிருக்கிறது. ஆனால் பெட்டிக்குள் வரும் பாதுகாப்புக் குறிப்பை நம்மில் எத்தனை பேர் வாசிக்கிறோம்? நானும் வாசிக்காதவனாகத்தான் இருந்தேன். அது எனக்குப் படிப்பினையான கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் தங்குமிடம் நடத்தும் வாடிக்கையாளர் ஒருவர் கடைக்கு வந்தார். "நானா, ஹீட்டருக்குக் கீழ ஈக்கிற வால்வுல தண்ணி சொட்டிட்டே ஈக்கிது. ரூமுக்கு வாற ஆக்கள் குறை சொல்றாங்க. அடைக்க ஏதாச்சும் தாங்க" என்றார். நானும் மறுபேச்சின்றி அரை அங்குல மூடியொன்றையும் பைப்புக்குச் சுற்றும் டேப்பையும் எடுத்துக் கொடுத்தேன். சில்லறைக் காசு வியாபாரம். அன்றே மறந்துவிட்டேன்.

இரண்டு மாதம் சென்றிருக்கும். ஒரு நாள் பகல் அந்த ஹீட்டர் வெடித்தது. சுவரோடு பிய்ந்து மேலே போய் கூரைத் தகடுகளை உடைத்திருந்தது. குளியலறைச் சுவரில் ஒரு டைல் மிஞ்சவில்லை. அறையைத் துப்புரவு செய்து கொண்டிருந்த அவரது மனைவி சற்று முன்னர்தான் வெளியே வந்திருந்தார்.

பழக்கமான மின்னியலாளர் ஒருவரை அழைத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். சூடு போதவில்லை என்று யாரோ ஒரு பாஸ், தேர்மோஸ்டெட்டையும் அதனோடுள்ள பாதுகாப்புக் கட்டையும் நீக்கி வயரை நேரடியாகக் கொடுத்திருந்தார். வால்வின் வாயை அடைத்திருந்தது நான் விற்ற மூடி. சூட்டை நிறுத்த ஒன்றுமில்லை, அமுக்கம் வெளியேற வழியுமில்லை.

வால்வு ஏன் சொட்டுகிறது?

தண்ணீர் சூடானால் விரியும். 20 பாகை செல்சியஸிலிருந்து 60 பாகைக்குச் சூடாக்கினால் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு கூடும். 50 லீற்றர் தாங்கியில் அது ஏறத்தாழ முக்கால் லீற்றர். ஹீட்டருக்குள் தண்ணீர் போகும் பைப்பில் பொருத்தும் வால்வு, தண்ணீரைத் திரும்பிப் போக விடாது. குழாயும் மூடியிருந்தால் அந்த முக்கால் லீற்றருக்குப் போக இடமில்லை. அமுக்கம் ஏறும். வால்வில் குறித்த அளவுக்கு, அநேகமாக 7 அல்லது 8 பார் அளவுக்கு வந்ததும் அது திறந்து கொஞ்சம் தண்ணீரை வெளியே விடும். ஆகவே சூடாகும்போது சொட்டுவது பழுதல்ல, வால்வு வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். சூடேறாத நேரத்திலும் விடாமல் ஒழுகினால்தான் வால்வைக் கழற்றிச் சோதிக்க வேண்டும், அல்லது மாற்ற வேண்டும்.

வாயை அடைத்தால் என்ன நடக்கும்? தேர்மோஸ்டெட்டும் கைவிட்டால் தண்ணீர் 100 பாகையைத் தாண்டியும் அமுக்கத்தினால் கொதிக்காமல் உள்ளே நிற்கும். தாங்கி கிழிந்த கணமே அதில் ஒரு பகுதி ஆவியாகும். ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியானால் 1,600 லீற்றருக்கு மேல் இடம் கேட்கும். கூரையை உடைத்தது அந்த வேகம்தான்.

செய்ய வேண்டியது எளிது. வால்வின் வாயில் ஒரு குழாயை மாட்டி, கீழ்நோக்கிச் சரிவாக, தண்ணீர் வடியும் இடம்வரை கொண்டு போய் விடுங்கள். அதன் நுனி எப்போதும் திறந்திருக்க வேண்டும். இடையில் எந்த வால்வும் போடக்கூடாது. விருந்தினர் குறை சொல்லவும் மாட்டார்கள்.

மின்சாரம்

நமது மின்சாரம் 230 வோல்ட். 3 கிலோவோட் ஹீட்டர் 13 அம்பியர் இழுக்கும். அதாவது 13 அம்பியர் பிளக் ஒன்றின் முழு எல்லை. பழைய சொக்கட்டில் மல்டி பிளக் போட்டு ஹீட்டரைக் கொடுப்பது தீயை விலை கொடுத்து வாங்குவதற்குச் சமம். ஹீட்டருக்கு டிபி பெட்டியிலிருந்து தனி வயர் இழுத்து, அதற்கென்று தனி பிரேக்கர் வையுங்கள். 3 கிலோவோட்டுக்கு 2.5 சதுர மில்லிமீற்றர் செம்புக் கம்பிக்குக் குறையக்கூடாது. ஷவரோடு வரும் உடனடி ஹீட்டர்கள் பல இதைவிடக் கூடுதலாக இழுக்கும். 6 கிலோவோட் என்றால் 26 அம்பியர். அதற்கு அதைவிடத் தடித்த வயர் வேண்டும். பிளக் போட்டுக் கொடுக்கவே கூடாது. இரண்டு கம்பிகளையும் துண்டிக்கும் டபள் போல் சுவிட்சைக் குளியலறைக்கு வெளியே வைப்பது நல்லது.

எர்த் இல்லாத வீட்டில் ஹீட்டர் பூட்டவே வேண்டாம். உள்ளே கொயில் வெடித்தால் மின்சாரம் தண்ணீரோடு வரும். 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் அந்த நேரத்தில் உயிரைக் காக்கும். ஆனால் அதுவும் வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். அதிலுள்ள டெஸ்ட் பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்துங்கள். விழாவிட்டால் மாற்றுங்கள்.

புதிதாகப் பூட்டியதும் சுடுநீர்க் குழாயைத் திறந்து, காற்றுப் போய்த் தண்ணீர் சீராக வரும்வரை விட்டுவிட்டுத்தான் சுவிட்சைப் போட வேண்டும். வெறும் தாங்கியில் மின்சாரம் கொடுத்தால் கொயில் சில நிமிடங்களில் கருகும். முதல் நாளே பழுதென்று கடைக்குத் திரும்பி வருபவற்றில் பல இப்படித்தான்.

எவ்வளவு சூடு?

60 பாகைத் தண்ணீர் வளர்ந்தவரின் தோலை ஐந்து வினாடியளவில் சுட்டுவிடும். பிள்ளைகளுக்கும் வயோதிபருக்கும் அந்த நேரமும் வேண்டாம். அப்படியானால் குறைத்து வைக்கலாமே என்பீர்கள். அங்கேயும் ஓர் ஆபத்துண்டு. 1976இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஹோட்டலொன்றில் கூடிய முன்னாள் படையினரைத் தாக்கிய நியூமோனியாவுக்குக் காரணமான லெஜியோனெல்லா கிருமி, வெதுவெதுப்பான தண்ணீரில் பெருகும். ஷவரின் தூவானத்தோடு மூச்சில் போகும். ஆகவே தாங்கியில் 60 பாகை வைத்து, குளிக்கும் இடத்தில் குளிர்நீர் கலக்கும் வால்வைப் போட்டுச் சூட்டைக் குறைப்பதே சரியான முறை. தங்குமிடம் நடத்துபவர்கள் கவனிக்க: நாட்கணக்கில் பூட்டிக் கிடந்த அறையை ஏப்ரல் சீசனுக்குத் திறக்கும்போது, முதலில் ஹீட்டரை முழுச் சூட்டுக்கு விட்டு, ஷவர்த் தலையைக் கழற்றிச் சில நிமிடங்கள் தண்ணீரை ஓட விடுங்கள்.

வருடாந்தப் பராமரிப்பு

எனாமல் பூசிய தாங்கிக்குள் மக்னீசியத் தண்டு ஒன்று இருக்கும். தாங்கி துருப்பிடிக்காமல் அது தன்னையே கரைத்துக்கொள்ளும். வருடம் ஒரு முறை கழற்றிப் பார்த்து, பாதிக்கு மேல் கரைந்திருந்தால் மாற்ற வேண்டும். ஒரு தண்டின் விலை ஒரு தாங்கியின் விலையோடு பார்க்கையில் ஒன்றுமேயில்லை. யாழ்ப்பாணம், புத்தளம், அநுராதபுரம் போன்ற இடங்களில் தண்ணீரில் சுண்ணாம்பு கூடுதல். அது கொயிலில் படிந்தால் மின்சாரம் வீணாகும், கொயிலும் எரியும். அங்குள்ளவர்கள் அடிக்கடி திறந்து சுத்தம் செய்ய வேண்டியிருக்கும். பாதுகாப்பு வால்வின் கைப்பிடியையும் சில மாதங்களுக்கொரு முறை தூக்கிவிடுங்கள். தண்ணீர் வர வேண்டும். வராவிட்டால் அடைபட்டிருக்கிறது. எதைத் திறக்கும் முன்னும் பிரேக்கரை இறக்குங்கள்.

சூரிய ஹீட்டர்

50 லீற்றரை 20 பாகையிலிருந்து 60 பாகைக்குச் சூடாக்க 2.3 யூனிட் செல்லும். பத்து அறை என்றால் நாளொன்றுக்கு 23, மாதத்துக்கு 700 யூனிட் அளவில் வரும். 2022 ஓகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் கட்டணம் பெருமளவு ஏறிய பிறகு பலர் சூரிய ஹீட்டருக்குத் திரும்பியது இதனால்தான். நல்ல முடிவுதான். ஆனால் 200 லீற்றர் தாங்கியில் தண்ணீர் மட்டுமே 200 கிலோ. கூரை தாங்குமா என்று பாஸிடம் கேட்ட பிறகே வாங்குங்கள். காற்றுப் போகும் குழாயை அடைக்க வேண்டாம். சுடுநீருக்குச் சாதாரண பிவிசி பைப் போட்டால் இளகிவிடும். பிபிஆர் அல்லது சிபிவிசி வேண்டும். கண்ணாடிக் குழாய் ரகத்தில், நடுப்பகலில் காய்ந்து கிடக்கும் குழாய்களுக்குள் குளிர்நீர் விட்டால் வெடித்துவிடும். காலையில் அல்லது மாலையில் நிரப்புங்கள்.

கேஸ் ஹீட்டரைக் குளியலறைக்குள் பூட்டவே வேண்டாம். காற்றோட்டமில்லாத இடத்தில் வரும் காபன் மொனொக்சைட்டுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. குளிக்கப் போனவர் மயங்கி விழும்வரை யாருக்கும் தெரியாது.

வர்த்தகரின் பொறுப்பு

ஹார்ட்வெயார் வியாபாரிகளுக்கு ஒரு வார்த்தை. ஹீட்டரோடு பாதுகாப்பு வால்வையும் சேர்த்தே விலை சொல்லுங்கள். வால்வு வேண்டாம், விலையைக் குறையுங்கள் என்பவருக்கு விற்காமல் விடுவது நட்டமல்ல. சொட்டுவது பழுதல்ல என்பதை விற்கும்போதே சொல்லிவிடுங்கள். பில்லில் வாங்கிய திகதியை எழுதி, ஒரு வருடத்தில் தண்டைப் பார்க்க வரும்படி சொல்லுங்கள். அந்த வாடிக்கையாளர் திரும்பி வருவார், உங்களுக்கும் வியாபாரம்தான்.

அந்தத் தங்குமிட உரிமையாளர் என்னைக் குறை சொல்லவில்லை. "நான் கேட்டதத்தானே நீங்க தந்தீங்க நானா" என்றார். எனக்கு அது ஆறுதலாக இருக்கவில்லை. இருபது வருடம் இந்தப் பொருளை விற்றவன் நான். அவர் அப்படியல்ல. இப்போது யாராவது வந்து அரை அங்குல மூடி கேட்டால், எதற்கு என்று கேட்ட பிறகுதான் ராக்கையிலிருந்து எடுக்கிறேன்.