எந்திரம் வாசித்தது, உலகம் ஆடியது!

வயலின் இல்லை. கிதார் இல்லை. வாசிக்க ஆளே இல்லை! எல்லாம் எந்திரம்!

"ஐ பீல் லவ்" என்ற ஆங்கிலப் பாட்டைப்பற்றி இப்படித்தான் சொல்வார்கள். "காதலை உணர்கிறேன்" என்பது அதன் பொருள். 1977-ம் ஆண்டு வெளிவந்த அந்தப் பாட்டுக்கு மேல்நாட்டு நடன அரங்குகளில் இன்றும் மவுசு குறையவில்லை.

ஆனால் "ஆளே இல்லை" என்பது மட்டும் உண்மை அல்ல.

பாஸ்டன் பெண்

பாடியவர், டோனா சம்மர். 1948-ல் அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் பிறந்தவர். தேவாலயத்தில் பாடிப் பழகிய குரல். "ஹேர்" என்ற இசை நாடகத்தில் நடிக்க 1968-ல் ஜெர்மனியில் உள்ள மூனிச் நகருக்குப் போனார். போனவர் அங்கேயே தங்கிவிட்டார். ஆஸ்திரிய நடிகர் ஒருவரை மணந்தார். கணவரின் "சொம்மர்" என்ற பெயர்தான் பிறகு "சம்மர்" ஆயிற்று.

அங்கே இரண்டு பேர் அவருக்குப் பாட்டு அமைத்துக் கொடுத்தார்கள். ஒருவர், இத்தாலியரான ஜார்ஜியோ மொரோடர். மற்றவர், இங்கிலாந்துக்காரரான பீட் பெல்லாட்.

மூவரும் ஓர் இசைத்தட்டு தயாரித்தார்கள். ஒரு பாட்டு 1940-களின் பாணி, ஒன்று 1950-களின் பாணி, இப்படி வரிசையாக. கடைசிப் பாட்டு எதிர்காலப் பாட்டாக இருக்க வேண்டும்!

எதிர்காலத்தை எப்படிக் கேட்க வைப்பது? மொரோடருக்கு "மோக்" எந்திரம் நினைவுக்கு வந்தது.

சுருதி ஓடிவிடும்!

பீரோ போன்ற பெரிய எந்திரம் அது. முகம் எல்லாம் திருகுகள், கம்பிகள். மின்சாரத்தால் ஒலி எழுப்பும். சொந்தக்காரர், ஜெர்மன் இசை அமைப்பாளர் எபர்ஹார்ட் ஷோனர். எந்திரத்துடன் அவருடைய உதவியாளரும் வந்தார். அவர் பெயர் ராபி வெடல்.

எந்திரம் படுத்தியபாடு கொஞ்சமல்ல. அரை நிமிடம் ஒழுங்காக ஒலிக்கும். அதற்குள் சுருதி விலகிவிடும்! நிறுத்து, சுருதி சேர், மறுபடி பதிவு செய். இப்படித் துண்டு துண்டாகப் பதிவு செய்தார்கள்.

இன்னொரு சங்கடம். பாட்டை அடுக்கு அடுக்காகப் பதிய வேண்டும். முதல் அடுக்கோடு இரண்டாவது அடுக்கு இம்மியும் பிசகாமல் சேர வேண்டுமே, எப்படி? மொரோடருக்கே வழி தெரியவில்லை.

வழி சொன்னவர் வெடல். ஒலி நாடாவில் 16 தடங்கள் இருந்தன. அதில் ஒன்றில் வெறும் துடிப்பை மட்டும் பதிந்தார். அந்தத் துடிப்பைக் கேட்டு எந்திரம் நடந்தது. தாளம் தப்பவே இல்லை! இந்தப் பாட்டுக்காக ஆடியவர்களில் எத்தனை பேருக்கு வெடலின் பெயர் தெரியும்?

அடியில் ஓடும் ஒலியைக் கொஞ்சம் தாமதித்து எதிரொலிக்க வைத்தார்கள். அசல் ஒரு காதில். எதிரொலி மறு காதில். அதனால்தான் பாட்டு குதிரைப் பாய்ச்சலாக ஓடுகிறது.

எல்லா ஒலியும் வந்தது. நெஞ்சில் இடிக்கும் பெரிய மேளத்தின் ஓசை மட்டும் எந்திரத்துக்கு வரவில்லை! கீத் போர்சி என்ற மேளக்காரரைக் கூப்பிட்டார்கள். அவர் காலால் மிதித்து அந்த ஓசையைக் கொடுத்தார். எந்திரத்தோடு போட்டி போட்டு, பிசகாமல் மிதித்தார். (பிற்காலத்தில் "பிளாஷ்டான்ஸ்" படப் பாட்டுக்காக இவரும் மொரோடரும் ஆஸ்கார் பரிசு பெற்றார்கள்.)

ஜோதிடம்

பாட்டு எழுதிய கதை வேடிக்கையானது. பெல்லாட் சொல்லியிருக்கிறார்.

சேர்ந்து எழுதுவதற்காக அவர் டோனாவின் வீட்டுக்குப் போனார். டோனாவோ டெலிபோனில் ஜோதிடருடன் பேசிக்கொண்டிருந்தார்! முதல் திருமணம் முறிந்துவிட்டது. அடுத்து யாரை ஏற்பது என்பது கேள்வி. ஜாதகம் பார்ப்பது நம் ஊரில் மட்டும்தானா?

பேச்சு மணிக்கணக்கில் நீண்டது. அதற்குள் பெல்லாட்டே பாட்டை எழுதி முடித்துவிட்டார். ஜோதிடம் பலித்ததோ என்னவோ, 1980-ல் புரூஸ் சுடானோ என்ற இசைக் கலைஞரை டோனா மணந்தார். கடைசிவரை அவரோடு வாழ்ந்தார்.

பின்பக்கத்தில் இருந்து முதலிடம்

அமெரிக்காவில் இந்தப் பாட்டை முதலில் இன்னொரு பாட்டின் பின்பக்கத்தில் போட்டார்கள். ஆடுகிறவர்கள் தட்டைத் திருப்பிப் போட்டுவிட்டார்கள்! அங்கே 6-வது இடம் பிடித்தது. இங்கிலாந்தில் 4 வாரம் முதலிடம்.

அப்போது பாடகர் டேவிட் போவி பெர்லினில் இருந்தார். அவரிடம் நண்பர் பிரையன் ஈனோ ஓடிவந்து, எதிர்காலத்தின் ஒலியைக் கேட்டுவிட்டதாகச் சொன்னாராம். போவியே பின்னாளில் சொன்னது இது.

ஈனோவின் வாக்கு பொய்க்கவில்லை. சான்பிரான்சிஸ்கோவில் பேட்ரிக் கவுலி என்பவர் இந்தப் பாட்டைக் கால் மணி நேரத்துக்கு மேல் நீட்டினார். 2022-ல்கூட பியான்சே தம் இசைத்தட்டின் கடைசிப் பாட்டில் இந்த மெட்டைச் சேர்த்தார்.

அமெரிக்க நாடாளுமன்ற நூலகம், காலத்துக்கும் காக்கவேண்டிய ஒலிப்பதிவுகளைத் தேர்ந்தெடுத்து வருகிறது. 2012 மே 23-ல் வெளியிட்ட பட்டியலில் இந்தப் பாட்டும் இருந்தது.

அதைக் கேட்க டோனா இல்லை. 6 நாட்களுக்கு முன்புதான், 63-வது வயதில் புற்றுநோயால் இறந்திருந்தார்.