திரவத்தில் மூழ்கிய கணனிகள்

கணனியின் விசைப்பலகையில் ஒரு துளி தேநீர் சிந்தினாலே வீடு அமளிப்பட்டுவிடும். மின்சாரத்துக்கும் ஈரத்துக்கும் ஆகாது என்பது நாம் சிறுவயதிலேயே கற்ற பாடம். ஆயினும் உலகின் அதிவேகக் கணனியொன்று தன் சுற்றுப்பலகைகள் அனைத்தும் திரவத்தில் அமிழ்ந்திருக்கவே இயங்கியதுண்டு.

அமெரிக்கப் பொறியியலாளர் சீமோர் கிறே வடிவமைத்து 1985 இல் வெளிவந்த 'கிறே-2' அது. மின்குறி எவ்வளவு விரைந்தாலும் ஒரு நனோசெக்கனில் முப்பது சென்ரிமீற்றரைத் தாண்டாது. ஆகவே வேகம் வேண்டுமாயின் கம்பிகள் குறுக வேண்டும். பலகைகள் நெருங்க வேண்டும். கிறே எட்டுப் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறுக அடுக்கினார். அந்த நெருக்கத்தினுள் விசிறிக் காற்று புகுந்து வெப்பத்தைப் போக்குவது இயலாத காரியம். எனவே புளோரினேர்ட் என்னும் நிறமற்ற திரவத்தைப் பலகைகளினூடே மெல்ல ஓடவிட்டார். பக்கத்தில் நின்ற கோபுரத்தில் அத்திரவம் அருவிபோல் வழிந்தது. கண்டவர்கள் இக்கணனிக்குக் 'குமிழிகள்' என்றே செல்லப்பெயர் வைத்தனர்.

திரவம் பட்டும் மின்னொழுக்கு ஏற்படாதது எங்ஙனம்? உண்மையில் தூய நீர்கூட மின்சாரத்தை மிகச் சொற்பமாகவே கடத்தும். உப்புக்கள் கரைந்த பின்னரே அது ஆபத்தாகிறது. புளோரினேர்ட்டோ உப்பைக் கரைப்பதில்லை, தீப்பற்றுவதில்லை, எதனோடும் எளிதிற் கூடுவதுமில்லை. கலைப் பட்டதாரியான எமக்கு இரசாயனம் சற்றுத் தூரந்தான். எனினும் காபனும் புளோரினும் கொண்ட பிணைப்பின் உறுதியே இதற்குக் காரணம் என்பதை விளங்கிக்கொண்டோம். இவ்வினத் திரவத்தில் ஒட்சிசனை நிரப்பி, அதனுள் மூழ்கிய எலி சுவாசித்து உயிர்வாழ்வதை லீலன்ட் கிளார்க் என்பவர் 1966 இல் காட்டினார்!

திரவம் விலையுயர்ந்ததாகையால் எண்ணெயை நாடினோரும் உளர். தெருமுனை மின்மாற்றிகள் நெடுங்காலமாக எண்ணெயில் மூழ்கியே இயங்குகின்றன அல்லவா? ரோக்கியோ தொழில்நுட்பக் கழகத்தின் எண்ணெய்க் கணனி, மின்சிக்கனத்துக்கான உலகப் பட்டியலில் 2013 நவம்பரில் முதலிடம் பெற்றது. பொரித்த கோழிக்குப் பேர்போன கடையின் மூன்றெழுத்தையே அதன் பெயரோடு சேர்த்திருந்தனர். எண்ணெய்ச் சட்டியை நினைத்துச் சிரித்திருப்பார்கள் போலும்.

2021 இல் மைக்ரோசொப்ற் நிறுவனம், வொஷிங்ரன் மாநிலத்துக் குவின்சியில், 50 பாகை செல்சியசில் கொதிக்கும் திரவத்தினுள் கணனிகளை வைத்தது. எழும் ஆவி, சோற்றுப் பானை மூடியிற்போல் மேலே குளிர்ந்து மீண்டும் துளியாக விழும். இன்று செயற்கை அறிவுக் கணனிகளின் வெப்பம் பெருகப் பெருக, இம்முறையை நாடுவோரும் பெருகுகின்றனர்.

இங்கேதான் எமக்கு ஒரு கலக்கம். முன்னர் மின்மாற்றிகளில் தீப்பற்றாத பீ.சீ.பி. என்னும் திரவத்தை ஊற்றினர். அழியாத அப்பொருள் மீனிலும் மனிதர் கொழுப்பிலும் சேர்வது பின்னரே தெரியவந்தது. அமெரிக்கா 1979 இல் அதன் உற்பத்தியைத் தடைசெய்தது. புளோரின் திரவங்களின் பெருமையும் அழியாமைதானே? புளோரினேர்ட்டின் ஆவி, காபனீரொட்சைட்டிலும் ஆயிரக்கணக்கான மடங்கு வெப்பத்தை வளிமண்டலத்தில் சிறைப்படுத்தக்கூடியது. அதனைத் தயாரித்த திறீ எம் நிறுவனம், இவ்வகை இரசாயனங்களின் உற்பத்தியை 2025 முடிவுக்குள் கைவிடுவதாக 2022 டிசம்பரில் அறிவித்தது.

ஆகவே பலர் மீண்டும் எண்ணெயின் பக்கம் திரும்புகின்றனர். அதிலோ வேறு தொல்லை. பழுதுபார்ப்பவர் பலகையைத் தொட்டியிலிருந்து தூக்கி, எண்ணெய் வடியுமட்டும் காத்திருந்து, கையைத் துடைத்துத் துடைத்தே வேலை பார்க்க வேண்டியிருக்கிறது.