உங்களுக்குத் தெரியுமா? இலையுதிர்காலத்தில் குஞ்சு வளர்க்கும் வல்லூறு

பெரும்பாலான ஐரோப்பியப் பறவைகள் வசந்தத்தில் குஞ்சு பொரிக்கும். மத்தியதரைக் கடல் தீவுகளின் பாறைச் சரிவுகளில் வாழும் எலியனோரா வல்லூறு ஜூலைக் கடைசிவரை காத்திருந்தே முட்டையிடும். காரணம், பசிக்கும் குஞ்சுகளுக்கான இரை. ஆகஸ்ட் இறுதி முதல் ஆப்பிரிக்கா நோக்கிக் கூட்டம் கூட்டமாகக் கடல் கடக்கும் சிறு பறவைகளை இது வானிலேயே பிடித்துக் குஞ்சுகளுக்கு ஊட்டுகிறது. மற்ற மாதங்களில் பெரும்பாலும் பூச்சிகளே உணவு.

● இப்பெயர் இன்றைய இத்தாலியின் சார்டீனியா தீவில் அர்போரியா அரசை ஆண்ட எலியனோராவுடையது. 1392 வாக்கில் அவர் வெளியிட்ட சட்டத் தொகுப்பு, வல்லூறுகளைக் கூட்டிலிருந்து எடுப்பதைத் தடை செய்தது.

● உலகின் எலியனோரா வல்லூறுகளில் பெரும்பகுதி கிரேக்கத் தீவுகளில்தான் கூடு கட்டுகிறது.

● குளிர்காலத்தை இது மடகாஸ்கரில் கழிக்கிறது.

● ஒரே இனத்தில் வெளிர் நிறம், கரும்பழுப்பு என இரு வகை உண்டு. எந்த நிறம் எத்தனை என்று குழந்தைகளை எண்ணச் சொல்லலாம்.

எங்கே பார்க்கலாம்? சார்டீனியாவை ஒட்டிய சான் பியெத்ரோ தீவில், காப்போ சாந்தலோ கலங்கரை விளக்கத்தை அடுத்த பாறைச் சரிவுகள் இவற்றின் காப்பகம். செப்டம்பரில் ஒரு பைனாகுலரோடு போங்கள். கூடுகளை நெருங்காமல், பாதையில் நின்றே பாருங்கள்.